தெரணியகலைப் பல் புராணம்

இலங்கையில் ஒரு காலத்தில் சிங்கம் இருந்தது என்பதற்குப் பேர் சொல்லிக் காட்டுகிற சாட்சி இரண்டு பல். கொடியில் வாளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறதே, அந்தச் சிங்கத்தைச் சொல்லவில்லை. காட்டில் அலைந்து மானை அடித்துத் தின்ற அசல் சிங்கம். அந்த இரண்டு பல்லும் அகப்பட்டது குருவிட்டையில், மாணிக்கக்கல் தோண்டுகிற மண்ணுக்குள்ளே. தெரணியகலையிலிருந்து பார்த்தால் மலைக்கு அந்தப் பக்கம். 1939-ல் அந்தப் பற்களைப் பார்த்துவிட்டு, இது இலங்கைக்கே உரிய சிங்கம் என்று தனி இலத்தீன் பெயர் வைத்தவர் பி. ஈ. பி. தெரணியகல. கொழும்பு நூதனசாலையின் பெரியவர். எங்கள் ஊரைத் தன் பெயரிலேயே சுமந்தவர்.

ஆக, இரண்டே இரண்டு பல்லைக் காட்டிச் சிங்கம் இந்த நாட்டுக்காரன் ஆகிவிட்டது. முப்பத்திரண்டு பல்லோடும் கப்பலில் வந்து இறங்கிய எங்கள் பாட்டன் பூட்டன்மாருக்கு அது வாய்க்கவில்லை. 1948-ல் குடியுரிமைச் சட்டம் போட்டு, "நீங்கள் யார்?" என்று கேட்டார்கள். பல்லைக் காட்டினோம். பத்திரம் கேட்டார்கள்.

கோணல் பல்லை நேராக்குகிற கலைக்கு நீண்ட சரித்திரம் உண்டு. அதை வழக்கமாகப் பாரிசிலும் அமெரிக்காவிலும் வைத்துச் சொல்வார்கள். நான் தெரணியகலையில் வைத்துச் சொல்கிறேன். சீதாவாக்கை கங்கைத் தண்ணீரில் வாய் கொப்பளித்து வளர்ந்தவனுக்கு அந்த அளவு உரிமை உண்டு.

முதல் அத்தியாயம் பலாங்கொடை மனிதன் என்ற ஆதி மனிதன். அப்பன் தெரணியகல சிங்கத்தின் பல்லைப் பார்த்தார் என்றால், மகன் சிரான் தெரணியகல மனிதனின் பல்லைத் தேடிப் போனார். குருவிட்டைப் பக்கம் பட்டதொம்பலெனக் குகை, கித்துல்கலைப் பக்கம் பெலிலெனக் குகை, இரண்டும் எங்களுக்குக் கூப்பிடு தூரம். அங்கே தோண்டியதில் இருபது முப்பதாயிரம் வருசத்துக்கு முந்திய ஆட்களின் எலும்புகளும் சாப்பாட்டு மிச்சமும் வந்தன. உறுதியான மண்டை, தூக்கலான புருவ மேடு, சப்பை மூக்கு, குட்டைக் கழுத்து, கனத்த தாடை, கண்ணில் படுகிற அளவுக்குப் பெரிய பல். கல்யாணத் தரகரிடம் இந்த விவரத்தைக் கொடுத்தால் சாதகத்தைத் திருப்பித் தந்துவிடுவார்.

ஆனால் மனுசன் சாப்பிட்டதைப் பாருங்கள். குரங்கு, அணில், மர நத்தை, காட்டு ஈரப்பலா, கெக்குன கொட்டை. கெக்குன கொட்டையைக் கல்லால் உடைப்பதற்குள்ளேயே பசி போய்விடும். உப்பு கடற்கரையிலிருந்து வந்திருக்கிறது. கித்துல்கலைக் காட்டுக்குள்ளே உட்கார்ந்துகொண்டு கடல் உப்புத் தொட்டுக் குரங்கிறைச்சி தின்ற ஆளை நாகரிகம் இல்லாதவன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சின்ன வயசிலிருந்தே இப்படிக் கடித்து இழுத்து அரைத்துத் தின்றால் தாடை நன்றாக விரியும், பல் உட்கார இடம் கிடைக்கும் என்று மானிடவியல்காரர்களில் ஒரு சாரார் சொல்கிறார்கள். ராபர்ட் கொருச்சினி என்ற அமெரிக்கர் 1980களில் சண்டிகர் பக்கம் கிராமத்துப் பிள்ளைகளின் வாயையும் பட்டணத்துப் பிள்ளைகளின் வாயையும் ஒப்பிட்டார். பட்டணத்து வாயில்தான் கோணல் அதிகம். மெத்தென்ற சாப்பாடு வந்தது, தாடைக்கு வேலை போனது, பல் மட்டும் பழைய அளவிலேயே முளைத்தது என்பது அவர் கட்சி.

எங்கள் தோட்டத்து லயத்துச் சாப்பாட்டை அவர் பார்த்ததில்லை. காலையில் பாணைத் தேத்தண்ணியில் முக்கி விழுங்குகிறோம். பகலுக்குக் கோதுமை மா ரொட்டி, அதுவும் சம்பலோடு பிசைந்தால் பல்லைக் கேட்காமலே உள்ளே போய்விடும். கைப்பிள்ளைக்கு வாயில் சூப்பி. தாடை வளர்ந்து யாருக்கு என்ன? எல்லாவற்றையும் சாப்பாட்டின் தலையில் கட்டவும் முடியாது. அப்பனின் பெரிய பல்லும் அம்மாவின் சின்னத் தாடையும் ஒரே பிள்ளைக்கு வந்து சேர்வதும் உண்டு. ஏழெட்டு வயசு வரை விரல் சூப்புவதும், பால்பல்லைச் சொத்தையில் சீக்கிரமே இழப்பதும் சேர்ந்து மிச்ச வேலையை முடித்து வைக்கும். இழந்த பால்பல்லின் இடத்தைப் பக்கத்துப் பல் வந்து பிடித்துக்கொள்ளும். பிறகு முளைக்கிற பல் எங்கே போகும்? கூரையில் ஏறும்.

பல்லுக்காக இந்தச் சப்ரகமுவ மண் பட்ட பாட்டை இன்னொரு கதையும் சொல்லும். 1560-ல் யாழ்ப்பாணத்தைக் கொள்ளையடித்த போர்த்துக்கேயர், புத்தரின் தந்தம் அகப்பட்டுவிட்டது என்று கோவாவுக்குக் கொண்டு போனார்கள். பெகு நாட்டு ராசா பெரும் பணம் தருகிறேன் என்று ஆள் அனுப்பினான். வைசிராய்க்கும் வாய் ஊறியது. பாதிரிமார் விடவில்லை. 1561-ல் சபையைக் கூட்டி, அந்தப் பல்லை உரலில் போட்டு இடித்து, எரித்து, சாம்பலை ஆற்றில் கொட்டினார்கள். அசல் தந்ததாதுவோ குருவிட்டைக்குப் பக்கத்துத் தெல்கமுவ விகாரையில், குரக்கன் அரைக்கிற கல்லுக்குள்ளே பத்திரமாக இருந்தது என்பது இந்தப் பக்கத்துச் சிங்கள மக்களின் மரபு. ஒரு பேரரசு காசையும் விட்டு, பல்லையும் விட்டு, உரலைக் கழுவி வைத்ததுதான் மிச்சம்.

இனி வைத்தியர்மார். உரோமாபுரியில் செல்சஸ் என்று ஒருவர், இரண்டாயிரம் வருசத்துக்கு முந்தியவர். பால்பல் விழுவதற்குள் புதுப் பல் முளைத்தால் பழையதைப் பிடுங்கிவிட்டு, புதியதைத் தினமும் விரலால் அதன் இடத்துக்குத் தள்ளு என்று எழுதி வைத்தார். எங்கள் வீடுகளில் இன்றைக்கும் கிழவிமார் நாக்கால தள்ளு, விரலால தள்ளு என்று சொல்வது இதைத்தான். செல்சஸ் இலத்தீனில் சொன்னதால் சாத்திரம் ஆயிற்று.

அதற்குப் பிறகு நீண்ட காலம் உலகம் முழுக்கப் பிடுங்குகிற வேலைதான். 1728-ல் பாரிசில் பியேர் ஃபோஷார் என்பவர் பல் வைத்தியத்துக்கு ஒரு பெரிய புத்தகம் போட்டார். குதிரை லாடத்தைப் போல வளைத்த உலோகத் தகட்டில் துளை போட்டு, கோணல் பற்களை நூலால் அதோடு இழுத்துக் கட்டினார். அதற்கும் பொறுமை இல்லாவிட்டால் ஒரு குறடு வைத்திருந்தார். பல்லைப் பிடித்து, அசைத்து, வேண்டிய பக்கம் திருப்பி நிறுத்திவிட்டுக் கட்டுப் போடுவார். மயக்க ஊசி இன்னும் பிறக்காத காலம். பல்லில் புழு இருக்கிறது என்ற நம்பிக்கையை எதிர்த்த அதே அறிவாளி, பல் நோவுக்கு அவரவர் மூத்திரத்தால் வாய் கொப்பளிக்கவும் சொன்னார். நவீன பல் வைத்தியத்தின் தந்தை என்று அவரைச் சொல்கிறார்கள். அப்பன் சொன்ன எல்லாவற்றையும் பிள்ளைகள் கேட்க வேண்டும் என்று இல்லை.

ஃபோஷார் தகடு கட்டி நூற்றுச் சொச்சம் வருசத்துக்குள் எங்கள் ஆட்கள் தமிழ்நாட்டிலிருந்து இங்கே வந்துவிட்டார்கள். கோப்பி செத்து, தேயிலையும் றப்பரும் ஏறின. 1901-ல் எங்களுக்கும் உலோகம் வந்தது. பல்லில் இல்லை, கழுத்தில். தகரத் துண்டு என்று ஒரு வில்லை, அதில் தோட்டத்தின் குறியும் இலக்கமும். வழியில் ஆள் மாறிப் போகாமல் சரியான தோட்டத்தில் கொண்டு வந்து சேர்க்கிற ஏற்பாடு. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். நாங்கள் தானமாக வரவில்லையே, கடனில் வந்தோம். ஆகவே கப்பலேறுமுன் மண்டபம் முகாமில் எல்லாவற்றையும் பார்த்தார்கள். கோணல் பல்லைப் பற்றி மட்டும் யாருக்கும் கவலை இல்லை. கொழுந்து எடுப்பது விரல், றப்பர் வெட்டுவது கை. பல் எப்படி இருந்தால் தொரைக்கு என்ன?

தொரைக்குக் கவலை இல்லாவிட்டாலும் லயத்துக்குக் கவலை இருந்தது. எடுப்புப் பல் உள்ள பெண்ணுக்குத் தேங்காய்த் துருவி என்று பட்டம். சிரிக்கும்போது முந்தானையால் வாயை மூடிக்கொள்கிற பழக்கத்தை நாணம் என்று கவிஞர்கள் எழுதினார்கள். பாதி நாணம் பல்லால் வந்தது. ஒரு பல் மட்டும் லேசாக மேலேறி நின்றால் கதை வேறு, அது தெத்துப்பல், அதிர்ஷ்டம். இரண்டு பல் ஏறினால் அதிர்ஷ்டம் ஏன் இரட்டிப்பாகாமல் பட்டமாக மாறுகிறது என்பதற்கு எந்தச் சோசியரும் இதுவரை கணக்குச் சொல்லவில்லை.

அந்தச் சமயத்தில்தான் அமெரிக்காவில் எட்வர்ட் ஆங்கிள் என்ற மகா கோபக்காரர் கிளம்பினார். பல் வைத்தியம் படித்து, இடையில் மொண்டானாவில் ஆடு வளர்க்கப் போய், பனிக்காலத்தில் ஆடுகளைப் பறிகொடுத்துவிட்டுத் திரும்பவும் பல்லுக்கே வந்தவர். 1899-ல் உலகத்தின் கோணல் வாய்கள் அத்தனையையும் மூன்று வகுப்பாகப் பிரித்தார். மேல் கடைவாய்ப்பல்லும் கீழ்க் கடைவாய்ப்பல்லும் எப்படிச் சந்திக்கின்றன என்பதுதான் அளவுகோல். இன்றைக்கும் டாக்டர்மார் சீட்டில் எழுதுவது அந்த மூன்று வகுப்பைத்தான். 1900-ல் செயின்ட் லூயிசில் இதற்கென்றே பள்ளிக்கூடம் திறந்தார். அழகான முகம் எப்படி இருக்க வேண்டும் என்று மாணவர்களுக்குக் காட்ட அவர் எடுத்த மாதிரி அப்பல்லோவின் பளிங்குச் சிலை. சிலைக்குப் பல்லே தெரியாது.

ஆங்கிளின் மதம் ஒன்றே ஒன்று: ஆண்டவன் கொடுத்த பல்லில் ஒன்றையும் பிடுங்கக் கூடாது, வளைவை விரித்து எல்லாவற்றையும் உட்கார வை. கால்வின் கேஸ் என்பவர், சில வாய்களில் இடமே இல்லை, பிடுங்கித்தான் ஆக வேண்டும் என்றார். 1911-ல் இரண்டு கட்சியும் மேடை போட்டுச் சண்டை பிடித்தன. அன்றைக்கு ஆங்கிளின் கட்சி வென்றது. 1930-ல் அவர் கண் மூடினார். பத்து வருசத்துக்குள் அவருடைய சொந்தச் சீடர் சார்ல்ஸ் ட்வீட், தான் முந்தி பிடுங்காமல் நேராக்கிய வாய்களில் பல் திரும்பவும் கோணிப் போனதைப் பார்த்து, நாலு முன்கடைவாய்ப் பல்லை எடுத்துவிட்டு மறுபடியும் செய்து காட்டினார். குருத் துரோகம்தான். ஆனால் பல் நேராக நின்றது.

இடம் போதவில்லை, பிடுங்கு என்ற சித்தாந்தம் கொழும்புக்கும் டில்லிக்கும் நன்றாகப் பிடித்துப்போயிற்று. 1964-ல் சிறிமா அம்மையாரும் சாஸ்திரி ஐயாவும் உட்கார்ந்து, எங்கள் ஆட்களில் 525,000 பேரை இந்தியாவுக்கு எடு, 300,000 பேரை இங்கே வை என்று எழுதினார்கள். மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டார்கள். ட்வீட்டாவது பிடுங்குவதற்கு முன் வாயைத் திறந்து பார்த்தார்.

வாயைத் திறந்து பார்க்க ஆள் வந்தார்கள், ஆனால் வெளிநாட்டிலிருந்து. 1970-ல் ஹரால்ட் லோ என்ற நோர்வேக்காரப் பேராசிரியரும் கூட்டாளிகளும் பூண்டுலோயாப் பக்கம் டன்சினன், ஹரோ தோட்டங்களில் 480 ஆம்பிளைத் தொழிலாளர்களை வரிசையில் நிறுத்தி வாய்க்குள் அளவுகோலை விட்டார்கள். அந்தப் பக்கம் ஒப்பிட ஒஸ்லோவில் 565 படிப்பாளிகள், சின்ன வயசிலிருந்தே பல் டாக்டரின் கதிரையில் வளர்ந்தவர்கள். இந்தப் பக்கம் பல் டாக்டரையே பார்த்தறியாதவர்கள். பல் தூரிகை தெரியாத, வைத்தியமே படாத வாயில் முரசு நோய் தன்பாட்டுக்கு எப்படிப் போகிறது என்று பார்ப்பதுதான் ஆராய்ச்சி. பதினைந்து வருசம் பார்த்தார்கள். 1986-ல் கணக்கு வந்தது: நூற்றுக்கு 8 பேருக்கு நோய் பாய்ச்சலில் போனது, அவர்களுக்கு 45 வயசில் ஒரு பல்லும் மிச்சமில்லை, 81 பேருக்கு நடையில் போனது, 11 பேருக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர்கள் வாயில் சொத்தைப் பல் ஏறக்குறைய இல்லவே இல்லை என்பது வெள்ளைக்காரர்களுக்கு அதிசயம். உலகம் முழுக்கப் பல் வைத்தியம் படிக்கிற பிள்ளைகள் இன்றைக்கும் இந்த 8, 81, 11-ஐப் பாடம் பண்ணுகிறார்கள். டன்சினன் எந்தத் திசையில் இருக்கிறது என்று அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அந்தப் பதினைந்து வருசத்துக்குள்தான் 1973, 74 வந்தது. தோட்டங்களில் அரிசி இல்லை, மா இல்லை, பட்டினிச் சாவு விழுந்தது. வாய்க்குள் என்ன இருக்கிறது என்று மில்லிமீட்டரில் எழுதிக்கொண்டிருந்த காலமும், வாய்க்குள் போட ஒன்றும் இல்லாத காலமும் ஒரே காலம். லோ அதற்குப் பிறகு அமெரிக்க அரசின் பல் ஆராய்ச்சி நிறுவனத்துக்கே தலைவரானார். 2010-ல் பழைய ஆட்களைத் திரும்பவும் தேடினார்கள்; 480-ல் 75 பேர் அகப்பட்டார்கள். எங்கள் ஆட்கள் உலக விஞ்ஞானத்துக்குக் கொடுத்த கொடை இது. கொழுந்துக்காவது கிலோக் கணக்கு உண்டு.

நாட்டுக்குள்ளே பல்லைக் கவனிக்க ஒரு ஏற்பாடும் இல்லாமல் இல்லை. 1950களில் நியூசிலாந்தின் உதவியோடு மகரகமையில் பள்ளிக்கூடப் பல் தாதிமாரைப் பழக்கத் தொடங்கினார்கள். பேராதனையில் பல் வைத்தியப் படிப்பு நடந்தது. தோட்டப் பள்ளிக்கூடங்களோ 1970களின் கடைசிப் பக்கம் வரை அரசாங்கத்தின் கைக்கு முழுசாக வரவில்லை. ஆகவே தாதியும் வரவில்லை. சின்னப் பட்டணங்களில் சீனப் பல் வைத்தியர் இருந்தார். சீனாவிலிருந்து இலங்கைக்கு வந்தவர்களில் ஒரு கூட்டம் துணி மூட்டையைச் சைக்கிளில் கட்டியது, ஹூபே மாகாணத்துக் கூட்டம் பல் கட்டியது. கண்ணாடிப் பெட்டிக்குள் சிரிக்கிற பல் செட்டைப் பார்த்துப் பயந்து அம்மாவின் சேலைக்குள் ஒளிந்த பிள்ளைகள் மலையகத்தில் ஏராளம். கட்டுவார்கள், பிடுங்குவார்கள். நேராக்குவது அந்தக் கடைச் சாமான் இல்லை.

கம்பியின் கதையோ வேறு பாதையில் ஓடிக்கொண்டிருந்தது. ஆங்கிள் காலத்தில் தங்கக் கம்பி. 1930களில் துருப்பிடிக்காத இரும்பு வந்து விலையை இறக்கியது. 1960 வாக்கில் அமெரிக்கக் கடற்படையின் ஆயுத ஆய்வுகூடத்தில் வில்லியம் பியூலர் ஏவுகணையின் மூக்குக்காக நிக்கலும் டைட்டேனியமும் கலந்து ஒரு உலோகம் செய்தார். ஒரு கூட்டத்தில் மடித்து நசுக்கிய துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, சுங்கான் பற்றவைக்கிற லைட்டரால் ஒருவர் சூடு காட்ட, அது தானாக நிமிர்ந்தது. எப்படி வளைத்தாலும் தன் பழைய உருவத்துக்குத் திரும்புகிற பிடிவாதக்காரக் கம்பி. 1970களில் அது பல்லுக்கு வந்தது. ஊரை அழிக்கக் கண்டுபிடித்தது எட்டாம் வகுப்புப் பிள்ளையின் வாய்க்குள் நல்ல வேலை பார்க்கிறது. ஆயுத ஆராய்ச்சியைப் பற்றி நான் சொல்லக்கூடிய ஒரே நல்ல வார்த்தை இதுதான்.

வேலை எப்படி நடக்கிறது என்றால், கம்பி பல்லை இழுத்துக்கொண்டு போவதில்லை. மெதுவாக ஒரு பக்கம் அழுத்துகிறது. அழுத்தம் பட்ட பக்கத்து எலும்பை உடம்பே கரைக்கிறது. பல் நகர்ந்து காலியான பக்கத்தில் உடம்பே புது எலும்பைக் கட்டுகிறது. மாசத்துக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். நாளைக்குக் கல்யாணம், இன்றைக்கு நேராக்கு என்று ஃபோஷாரிடம் கேட்டிருக்கலாம். இப்போது கேட்க முடியாது. அவசரப்பட்டு அழுத்தினால் வேர் கரையும். ஒன்றரை, இரண்டு வருசம் ஆகும். கழற்றிய பிறகும் பல் பழைய இடத்துக்கு ஓடப் பார்க்கும். அதைப் பிடித்து வைக்க ரிட்டெய்னர் என்று ஒன்றை மாட்ட வேண்டும்.

எங்கள் லயத்தில் முதன்முதலாக ஒரு பிள்ளை கிளிப் போட்டுக்கொண்டு வந்தபோது ஊரே வாசலில் நின்றது. "என்னடி, வாய்க்குள்ள முள்ளுக்கம்பி அடிச்சிருக்காங்க?" என்றாள் ஒரு பெரியம்மா. "கரண்டு புடிக்காதா, மழை நேரம்?" என்றார் ஒரு மாமா, மெய்யாகவே கவலையோடு. அன்றைக்குச் சிரித்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றைக்குப் பச்சை றப்பர் வேண்டுமா நீலம் வேண்டுமா என்று பிடிவாதம் பிடிக்கிறார்கள். தேங்காய்த் துருவிப் பட்டம் ஒரு தலைமுறைக்குள் காலாவதி ஆகிவிட்டது. வசதிக்காரப் பிள்ளை என்று காட்ட வெறுமனே ஒட்டிக்கொள்கிற போலிக் கம்பியும் உலகத்தில் கிளம்பிவிட்டது. தாய்லாந்தில் அரசாங்கமே அதைத் தடை செய்ய வேண்டி வந்தது. அந்தப் பக்கம் போகாதீர்கள். எலும்பைக் கரைக்கிற விளையாட்டை அழகு நிலையத்தில் விளையாடக் கூடாது.

அசல் கம்பிக்குத் தனியார் இடங்களில் இலட்சக் கணக்கில் கேட்பார்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசம். காத்திருக்க வேண்டும், அதனால் நேரத்தோடு போய்ப் பெயரைப் பதிய வேண்டும். ஏழு வயசிலேயே ஒரு தடவை வாயைக் காட்டிவிடுவது நல்லது. அப்போதே கம்பி போடுவதற்கு அல்ல, எந்தப் பல்லுக்கு இடம் இல்லாமல் போகும் என்று தெரிந்துகொள்ள. தெரணியகலை ஆஸ்பத்திரியின் பல் டாக்டரிடம் காட்டினால் எங்கே போக வேண்டும் என்று கடிதம் தருவார்.

இனித்தான் கணக்கு இடிக்கிறது. கிளிப் போட்ட பிள்ளை மாசத்துக்கு ஒரு தடவை கிளினிக் போக வேண்டும். கேகாலையோ, இரத்தினபுரியோ, கொழும்போ, விடியற்காலை பஸ் பிடித்தால் பொழுது சாய்ந்துதான் வீடு. கூடப் போகிற அம்மாவுக்கு அன்றைக்குப் பேர் இல்லை, அதாவது நாள் சம்பளம் இல்லை. இரண்டு வருசத்துக்கு இருபத்து நாலு பேர் போச்சு, பஸ் காசு தனி. கம்பி இலவசம் என்று சொல்லிவிட்டு, அந்தக் கம்பியை முறுக்குகிற நாளைக்குச் சம்பளத்தை வெட்டினால் இலவசத்தின் அர்த்தம் என்ன? பாதி வழியில் நிறுத்திவிட்டு, வாயில் துருத்திய கம்பியோடு திரிகிற பிள்ளைகள் அப்படித்தான் உண்டாகிறார்கள்.

தொரைமாரே, கம்பெனிக்காரரே, சங்கத் தலைவர்மாரே: கிளினிக் சீட்டைக் கொண்டு வந்து காட்டுகிற தாய்க்கு அந்த நாளைக்குப் பேர் போடுங்கள்.